ஷிப்ட் முடிஞ்சதா... ஒரு கேலக்ஸியை ஆளலாமா? ‘ஸ்டெல்லாரிஸ்’ ஆடத் தொடங்குவோருக்கு 10 டிப்ஸ்!

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரை போய் வந்தால், வீட்டுக்கும் ரோட்டுக்கும் தேவையான பாதிப் பொருள்கள் இங்கேதான் தயாராகின்றனவோ என்று தோன்றும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார், ஒரகடத்தில் ரெனால்ட், நிஸான் கார்களும் பாரத்பென்ஸ் லாரியும், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு பைக், சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன், ஸ்ரீபெரும்புதூரில் டெல் லேப்டாப். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மாறி மாறி உழைக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, அறைக்குத் திரும்பியதும் மிஞ்சுவது ஒன்றிரண்டு மணி நேரம். அந்த நேரத்தைப் போனிலோ லேப்டாப்பிலோ ஒரு கேமுக்குக் கொடுப்பவர்கள் அதிகம்.

துப்பாக்கிச் சண்டை கேம்கள் அலுத்துப்போய், ‘கொஞ்சம் மூளைக்கு வேலை வேண்டும்’ என்று தேடுபவர்களுக்கான ரகம் ஒன்று உண்டு. அதுதான் விண்வெளி சாம்ராஜ்ய கேம். கேம் உலகில் இதை ‘4எக்ஸ்’ என்பார்கள். எக்ஸ்ப்ளோர், எக்ஸ்பாண்ட், எக்ஸ்ப்ளாய்ட், எக்ஸ்டெர்மினேட். அதாவது தேடு, விரிவாக்கு, வளங்களைப் பயன்படுத்து, எதிரியை வீழ்த்து. 1993-ல் வெளியான ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ கேமைப் பற்றி எழுதும்போது ஆலன் எம்ரிச் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் வைத்த பெயர் இது.

இன்றைக்கு இந்த ரகத்தில் அதிகம் பேசப்படும் கேம்களில் ஒன்று ‘ஸ்டெல்லாரிஸ்’. ஸ்வீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்டது. கையில் ஒரு கிரகம், சில கப்பல்கள். கதை தொடங்கும் தேதி 2200, ஜனவரி 1. அங்கிருந்து நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களுக்கு நடுவே உங்கள் ராஜ்ஜியத்தை வளர்க்க வேண்டும்.

ஆசையாக வாங்கிப் போட்டவர்களில் பலர் முதல் நாளே மூடி வைத்துவிடுவார்கள். திரை முழுக்க எண்கள், பட்டன்கள், மெசேஜ்கள். எதைத் தொடுவதென்றே தெரியாது. ஆனால் ஒரு தொழிற்சாலை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு இந்த கேமில் பாதி ஏற்கெனவே தெரியும். காரணம், இதில் புதியவர்களின் ராஜ்ஜியம் பெரும்பாலும் எதிரியின் குண்டால் விழுவதில்லை. மாதக் கணக்கில் துண்டு விழுந்துதான் சாய்கிறது.

தொடங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய 10 விஷயங்கள் இதோ.

1. சின்னதாகத் தொடங்குங்கள்

முதல் ஆட்டத்துக்கே சொந்தமாக ஓர் இனத்தை உருவாக்கிக்கொண்டிருக்க வேண்டாம். தயாராக இருக்கும் பட்டியலில் ‘யுனைடெட் நேஷன்ஸ் ஆஃப் எர்த்’ என்ற மனிதர்களின் அரசைத் தேர்ந்தெடுங்கள். நம் பூமியும் சூரியனும்தான் உங்கள் தலைநகரம். அண்டை நாடுகளோடு நட்பு பாராட்டுவதற்கு ஏற்ற அரசு இது.

கேலக்ஸியின் அளவில் 200 நட்சத்திரங்கள் கொண்ட ‘டைனி’ அல்லது 400 கொண்ட ‘ஸ்மால்’ போதும். 1,000 நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்தால், ஆட்டத்தின் பிற்பகுதியில் சாதாரண லேப்டாப் மூச்சு வாங்கும். கடின அளவை ‘சிவிலியன்’ அல்லது ‘கேடட்’டில் வையுங்கள். ‘அயர்ன்மேன்’ என்ற ஆப்ஷனைத் தொடாதீர்கள். அதை ஆன் செய்தால், செய்த தவறைப் பழைய சேவுக்குப் போய்த் திருத்த முடியாது.

2. ஸ்பேஸ் பார்தான் உங்கள் பெரிய ஆயுதம்

இந்த கேம் நிற்காமல் ஓடும். ஆனால் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நின்றுவிடும். நிறுத்தி வைத்தபடியே எல்லா உத்தரவுகளையும் கொடுக்கலாம். ஒரு மெசேஜ் வந்தால் நிறுத்துங்கள், படியுங்கள், முடிவெடுங்கள், பிறகு ஓடவிடுங்கள். முதல் நாள் கேமை ஓடவிடும் நேரத்தைவிட நிறுத்தி வைக்கும் நேரம் அதிகமாக இருந்தால், நீங்கள் சரியாக ஆடுகிறீர்கள் என்று அர்த்தம்.

3. முதல் வேலை, கண் திறப்பது

தொடக்கத்தில் உங்களிடம் ஓர் ஆய்வுக் கப்பல், ஒரு கட்டுமானக் கப்பல், மூன்று சிறிய போர்க்கப்பல்கள் இருக்கும். ஆய்வுக் கப்பலை அருகில் உள்ள நட்சத்திரங்களை ‘சர்வே’ செய்ய அனுப்புங்கள். எங்கே கனிமம் இருக்கிறது, எந்தக் கிரகத்தில் குடியேறலாம் என்பதெல்லாம் சர்வேக்குப் பிறகுதான் தெரியும். கையோடு இரண்டாவது ஆய்வுக் கப்பலுக்கும் ஆர்டர் கொடுங்கள்.

இந்த நேரத்தில் கட்டுமானக் கப்பல் சும்மா நிற்கக் கூடாது. உங்கள் சூரியக் குடும்பத்துக்குள் எங்கெல்லாம் கனிமமும் ஆற்றலும் கிடைக்கின்றனவோ, அங்கெல்லாம் சுரங்க நிலையங்களைக் கட்டச் சொல்லுங்கள்.

4. கூட்டு ரோட்டைப் பிடியுங்கள்

நட்சத்திரங்களுக்கு இடையே நினைத்த திசையில் பறந்துவிட முடியாது. ‘ஹைப்பர்லேன்’ என்ற பாதைகள் வழியாகத்தான் போக முடியும். வரைபடத்தைப் பார்த்தால் சாலை வரைபடம் போலவே இருக்கும்.

ஒரகடம் கூட்டு ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. அங்கே நெரிசல் என்றால் நான்கு பக்கமும் வண்டி நிற்கும். கேலக்ஸியிலும் இப்படிப்பட்ட சந்திப்புகள் உண்டு. அண்டை அரசு உங்கள் பக்கம் வர ஒரே வழிதான் இருக்கிறது என்றால், அந்த நட்சத்திரத்தில் முதலில் உங்கள் புறக்காவல் நிலையத்தைக் கட்டிவிடுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் இடங்களை அவசரமில்லாமல் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ‘இன்ஃப்ளுயன்ஸ்’ என்ற செல்வாக்குப் புள்ளிகள் செலவாகும். அது மாதத்துக்குக் கொஞ்சமாகத்தான் சேரும். அதனால் கண்ட இடத்தில் கட்டாமல், சந்திப்புகளுக்கும் வளமான இடங்களுக்கும் முன்னுரிமை கொடுங்கள்.

5. மேலே இருக்கும் வரியை மாதாமாதம் படியுங்கள்

பத்து டிப்ஸில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

திரையின் மேல் பகுதியில் வரிசையாகச் சில எண்கள் இருக்கும். கையிருப்பு எவ்வளவு, மாதம் எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பதை அவை காட்டும். முக்கியமானவை ஐந்து. ‘எனர்ஜி’ என்பது கரன்ட் பில்லும் பராமரிப்புச் செலவும். ‘மினரல்ஸ்’ என்பது மூலப்பொருள். ‘ஃபுட்’ என்பது மக்களுக்கான சாப்பாடு. ‘கன்ஸ்யூமர் குட்ஸ்’ என்பது மக்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் தேவையான அன்றாடப் பொருள்கள். ‘அலாய்ஸ்’ என்பது கப்பலும் நிலையமும் கட்டத் தேவையான உலோகம்.

இவை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. சுரங்கத்திலிருந்து மினரல்ஸ் வர வேண்டும். அதை ஒரு தொழிற்சாலை அலாய்ஸாக மாற்றும். இன்னொன்று கன்ஸ்யூமர் குட்ஸாக மாற்றும். கன்ஸ்யூமர் குட்ஸ் இருந்தால்தான் ஆராய்ச்சியாளர்கள் வேலை செய்வார்கள். எல்லாக் கட்டடங்களுக்கும் எனர்ஜி வேண்டும்.

புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? கப்பல் வேண்டும் என்று அலாய்ஸ் தொழிற்சாலையை அடுக்கிக்கொண்டே போவார்கள். இரண்டு வருடத்தில் மினரல்ஸ் வற்றும். அதைச் சரிசெய்யச் சுரங்கம் கட்டினால் எனர்ஜி குறையும். கையிருப்பு பூஜ்யத்துக்குப் போய்விட்டால், உற்பத்தியும் படையும் சேர்ந்து அடிவாங்கும். லைனில் ஒரு ஸ்டேஷனுக்குப் பார்ட் வரவில்லை என்றால் கடைசி ஸ்டேஷன் வரை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வழி இதுதான். ஒரு எண் சிவப்பில் போனால், அதன் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். வரவு எங்கிருந்து, செலவு எங்கே என்று கணக்கு விரியும். துண்டு விழும் பொருளை உற்பத்தி செய்யும் இடத்தை முதலில் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு புதிதாகக் கட்டுங்கள். அவசரத்துக்குச் சந்தையில் வாங்கலாம். ஆனால் அங்கே கட்டணம் உண்டு. ஒரே பொருளைத் தொடர்ந்து வாங்கினால் விலையும் ஏறும். கைமாற்று வாங்கிக் குடும்பம் நடத்துவது போலத்தான் அது. ஒரு மாதத்துக்குச் சரி, வருடம் முழுக்க ஆகாது.

அதேபோல, தேவைக்கு மேல் குவித்து வைப்பதிலும் லாபமில்லை. கிடங்குக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டி வருவது வீண்.

6. ஆள் இல்லாத லைனைக் கட்டாதீர்கள்

ஒரு கிரகத்தில் கட்டடம் கட்டினால் அங்கே வேலைகள் உருவாகும். அந்த வேலைக்கு மக்கள் இருந்தால்தான் உற்பத்தி. மக்கள் இல்லாமல் கட்டிப்போட்டால் பராமரிப்புச் செலவு மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். எனவே வேலையில்லாதவர்கள் எத்தனை பேர், காலி இடங்கள் எத்தனை என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஆள் வந்தால் தங்க இடமும் வேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்ட்டில் திறந்தது நினைவிருக்கலாம். தொழிற்சாலை வளர்ந்தால் வீடும் வளர்ந்தாக வேண்டும். கேமிலும் ‘ஹவுஸிங்’, ‘அமெனிட்டீஸ்’ என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. வீடும் வசதியும் குறைந்தால் மக்களின் அதிருப்தி கூடும், கிரகத்தின் நிலைத்தன்மை குறையும், உற்பத்தி படுக்கும்.

7. புதுக் கிரகம் முதலில் செலவுதான்

குடியேறும் முன் அந்தக் கிரகம் உங்கள் மக்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்ற சதவிகிதத்தைப் பாருங்கள். மனிதர்களுக்கு ஈரமான, மிதமான கிரகங்கள் ஒத்துவரும். பனிக் கிரகத்திலும் பாலைவனத்திலும் ஆரம்பத்திலேயே போய் உட்கார்ந்தால் சாப்பாட்டிலிருந்து அன்றாடப் பொருள் வரை எல்லாமே கூடுதலாகச் செலவாகும்.

நல்ல கிரகமாகவே இருந்தாலும் முதல் சில வருடங்கள் தலைநகரம்தான் அதைத் தாங்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு கிரகங்களில் குடியேறி, நான்கையும் தாங்க முடியாமல் திணறுவது புதியவர்களின் வழக்கம். ஒன்று காலூன்றிய பிறகு அடுத்தது. ராஜ்ஜியம் பெரிதாகப் பெரிதாக ஆராய்ச்சிக்கு ஆகும் செலவும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

8. ஒரே கிரகத்தை நம்பாதீர்கள்

ஒரு கிரகம் முழுக்கச் சுரங்கம், இன்னொன்று முழுக்க ஆராய்ச்சி என்று பிரித்துக்கொடுத்தால் உற்பத்தி நன்றாக இருக்கும். அனுபவசாலிகள் அப்படித்தான் ஆடுவார்கள். ஆனால் ராஜ்ஜியத்தின் மொத்த அலாய்ஸும் எல்லையோரத்தில் இருக்கும் ஒரே கிரகத்திலிருந்து வருகிறது என்றால், எதிரி அந்த ஒன்றைப் பிடித்தாலே ஆட்டம் முடிந்தது.

இந்தப் பாடத்தை ஸ்ரீபெரும்புதூர் நிஜத்திலேயே படித்திருக்கிறது. 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, இந்தப் பகுதியின் அடையாளமாக இருந்தது. ஆலைக்குள் ஆயிரக்கணக்கானோர், அதை நம்பி உதிரிபாக நிறுவனங்கள், வாடகை அறைகள், வேன்கள், மெஸ்கள். பிறகு வரி வழக்கு வந்தது. நோக்கியாவின் செல்போன் தொழிலை 2014-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்தப் பேரத்துக்கு வெளியே நின்றது. மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆர்டரும் நின்றதும், 2014 நவம்பரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆலையில் இருந்தவர்களோடு, ஆலையைச் சுற்றிப் பிழைத்தவர்களுக்கும் அடி விழுந்தது.

அதே சாலையில் கார், கண்ணாடி, டயர், லாரி, பைக் என்று வேறு தொழில்களும் இருந்ததால்தான் இந்தப் பகுதி மொத்தமாகப் படுத்துவிடவில்லை. கேமிலும் அப்படித்தான். முக்கியமான பொருள் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும்.

9. சண்டைக்கு முன் நட்பு. பெரியவர்களிடம் வம்பு வேண்டாம்

அண்டை அரசுகளைச் சந்தித்ததும் தூதர்களை அனுப்பி உறவை வளருங்கள். ஒருவரையொருவர் தாக்க மாட்டோம் என்ற ஒப்பந்தமே ஆரம்பத்தில் பெரிய நிம்மதி. எல்லாரோடும் நட்பு முடியாது. எல்லையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவரையாவது நண்பராக்கிவிடுங்கள்.

அதற்காகப் படையே இல்லாமல் இருந்தால், பலவீனம் தெரிந்து பக்கத்து அரசு பாயும். ஓரளவு கப்பல்கள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கப்பலும் சும்மா நின்றாலும் மாதச் செலவு வைக்கும். அனுமதிக்கப்பட்ட படை அளவைத் தாண்டினால் செலவு இன்னும் எகிறும்.

‘ஃபாலன் எம்பயர்’ என்று சில பழைய பேரரசுகள் கேலக்ஸியின் மூலையில் அமைதியாக இருக்கும். அவற்றின் பலத்துக்கு முன் நீங்கள் தூசு. அவற்றின் எல்லையை ஒட்டிக் குடியேறிச் சீண்டாதீர்கள். சில நட்சத்திரங்களைக் காக்கும் ராட்சத உயிரினங்களுக்கும் இது பொருந்தும். போர்க்கப்பலை உள்ளே விடும் முன் எதிராளியின் பலத்தைப் பாருங்கள். மண்டை ஓடு அடையாளம் தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

10. யூடியூப் பார்க்கலாம், தேதி பார்த்துப் பாருங்கள்

ஸ்டெல்லாரிஸ் வந்த நாளிலிருந்து பலமுறை அடியோடு மாறியிருக்கிறது. 2018 கடைசியில் பொருளாதாரமே புதிதாக எழுதப்பட்டது. 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பில் மக்கள்தொகையும் வர்த்தகமும் கணக்கிடப்படும் முறை மாறியது. அதற்கு முந்தைய வீடியோக்களில் சொல்லும் இடத்தில் பட்டனே இருக்காது. தேடும்போது 4.0-க்குப் பிறகு வந்த வீடியோவா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

காசு எவ்வளவு ஆகும்?

அடிப்படை கேமை ஒருமுறை வாங்கினால் போதும். நெட் இல்லாமலும் தனியாக ஆடலாம் என்பது ஹாஸ்டல் வாசிகளுக்கு வசதி. ‘டி.எல்.சி.’ என்ற கூடுதல் பகுதிகள் நிறைய உண்டு. எல்லாம் சேர்த்தால் பட்ஜெட் எகிறிவிடும். முதல் ஆட்டத்துக்கு அவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. ஸ்டீம் தளத்தில் அடிக்கடி தள்ளுபடி வரும், அதுவரை காத்திருக்கலாம்.

வாங்கும் முன் உங்கள் லேப்டாப்புக்கு ஒத்துவருமா என்று ஸ்டீம் பக்கத்தில் பாருங்கள். வாங்கியபின் ஓடவில்லை என்றால், 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கியதும் முதல் வேலையாக ஓட்டிப் பாருங்கள்.

பழைய லேப்டாப்தான் இருக்கிறதா? ‘ஃப்ரீஓரியன்’ என்ற கேம் முற்றிலும் இலவசம். மாஸ்டர் ஆஃப் ஓரியனைப் பின்பற்றி ஆர்வலர்கள் உருவாக்கியது. சுற்றுச் சுற்றாக, நிதானமாக ஆடலாம்.

போன் மட்டும்தான் இருக்கிறதா?

பிரவுசரிலேயே ஆடக்கூடிய ‘ஓகேம்’ இருக்கிறது. ஜெர்மனியில் 2002-ல் தொடங்கிய கேம். மெட்டல், கிரிஸ்டல், டியூட்டீரியம் என்ற மூன்று பொருள்களைக் கொண்டு ராஜ்ஜியம் கட்ட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பேஸ் பார் தட்டி நிறுத்த முடியாது. நீங்கள் தூங்கினாலும், லைனில் நின்றாலும் கேம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நிஜ ஆட்கள் வந்து உங்கள் கப்பல்களை அடித்துவிட்டுப் போவார்கள். பல கம்பெனிகளில் லைனுக்குள் போனுக்கு அனுமதி கிடையாது என்பதால் இது முக்கியம்.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் கப்பல்களில் கையிருப்பை ஏற்றி, மெதுவான நீண்ட பயணத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் அறைக்குத் திரும்பும் நேரத்துக்குக் கப்பலும் திரும்பும். இதற்கு ‘ஃப்ளீட்சேவ்’ என்று பெயர். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ‘வெகேஷன் மோடு’ போட்டுவிடலாம். உற்பத்தி நிற்கும், ஆனால் யாரும் தாக்க முடியாது.

நடு ராத்திரியில் எழுந்து கப்பலைப் பார்க்கத் தோன்றினால், கேமை விட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அடுத்த நாள் மெஷின் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான். அரைத் தூக்கத்தில் அங்கே செய்யும் தவறுக்கு சேவ் கிடையாது.

அப்பா, அம்மா கவனத்துக்கு...

‘பையன் கேமில் பணத்தை விட்டுவிடுவானோ’ என்ற பயம் நியாயமானது. பணம் கட்டி, பணம் ஜெயிக்க ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்தது. ஸ்டெல்லாரிஸ் அந்த ரகம் கிடையாது. இதில் பந்தயம் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. ஆனால் ஓகேம் போன்றவற்றில் வேகமாக வளர ‘டார்க் மேட்டரை’ நிஜக் காசு கொடுத்து வாங்கும் வசதி உண்டு. போனில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுவது நல்லது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று முன்பே பேசிவைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

சின்னப் பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தோற்ற இனத்தை அடிமையாக்குவது, அழிப்பது போன்ற கொடூரமான வழிகளையும் ஸ்டெல்லாரிஸ் ஆடுபவரின் முடிவுக்கு விட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ‘ஏன் இந்த முடிவெடுத்தே?’ என்று கேட்டால் நல்ல உரையாடலாக இருக்கும்.

கேம் பழக்கம் கைமீறிப் போவதை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முக்கியமாகிவிடுவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை அறிகுறிகள். வீட்டில் யாருக்காவது இப்படி நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

எப்போது எழுந்திருப்பது?

2200-ல் தொடங்கும் ஸ்டெல்லாரிஸின் இறுதிக் கணக்கு, செட்டிங்ஸை மாற்றாவிட்டால், 2500-ம் ஆண்டில்தான். 300 வருட ஆட்டத்தை ஒரே இரவில் முடிக்க நினைப்பது ஆகாத காரியம். ‘இன்றைக்கு 20 வருடம்’ என்று கேமின் காலண்டரிலேயே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். 2220 ஜனவரி 1 வந்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், மேலே இருக்கும் வரியில் சிவப்பு எதுவும் இல்லை என்று பாருங்கள், சேவ் செய்யுங்கள், படுத்துவிடுங்கள். நாளைக்கு வரும்போது கேலக்ஸி விட்ட இடத்திலேயே நிற்கும். கம்பெனி பஸ்தான் நிற்காது!